நாற்பது விநாடி

திரையில் நீலச் சக்கரம் சுற்றத் தொடங்கியது. கீழே ஒரு வரி: ‘உங்கள் ஸ்கேன் படங்கள் கவனமாக ஆராயப்படுகின்றன. காத்திருக்கவும்.’

பச்சைப் பொய். எழுதியவனே நான்தான்.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி. அவள் கழுத்தில் ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்று கணினி சொல்லப்போகிறது.

சொல்லப்போவது என்ன, எப்போதோ முடிவு செய்துவிட்டது. படத்தைப் பார்க்க அதற்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். அந்த வேகத்துக்காக ஆராய்ச்சியாளர்கள் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. பொத்தானை அழுத்தியதும் முடிவு வந்ததால் ஒருவரும் நம்பவில்லை. பார்க்காமலே சொல்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள்.

விவகாரம் எங்கள் வடிவமைப்புக் குழுவிடம் வந்தது. ஏழு கூட்டம் போட்டோம். சக்கரத்தின் நிறத்துக்கே மூன்று. கடைசியில், ஒரு வேலையும் செய்யாமல் நாற்பது விநாடி சுற்றுகிற சக்கரத்தைக் கண்டுபிடித்தோம்.

மக்கள் உடனே நம்பிவிட்டார்கள். சும்மா சுற்றுவதற்கு இருக்கிற மரியாதையே தனி.

எனக்கு விருதுகூடக் கிடைத்தது. கேடயத்தை வாராவாரம் துடைத்து வைப்பவள் இவள்தான். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இருபது விநாடி ஆகியிருந்தது.

அவள் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நாடகம் என்று சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

முப்பத்தைந்தில் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தொன்பது. நாற்பது.

சக்கரம் நிற்கவில்லை.

விருது அந்த நாற்பது விநாடிக்காகக் கொடுத்ததல்ல. முடிவு கெட்டதாக இருந்தால் மட்டும் இன்னும் பத்து விநாடி சுற்ற விடலாம், அவர்கள் மனம் தயாராகட்டும் என்று நான் சொன்ன யோசனைக்குக் கொடுத்தது. என்ன ஒரு மனிதாபிமானம் என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நாற்பத்தொன்று.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்.

“பாருங்களேன், நமக்குன்னா இன்னும் பொறுமையா பாக்குது.”