கவிழ்த்த தட்டு

அந்த முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோனால், புதிதாக ஒருவர் வந்து சேரும்வரை அவருடைய தட்டைச் சாப்பாட்டு மேசையில் அவர் இடத்திலேயே கவிழ்த்து வைத்திருப்பார்கள். பரிமாறுகிறவளுக்கு அது அடையாளம். ஒருநாள் காலையில் துளசிங்கம் தன் தட்டைத் தானே கவிழ்த்துவிட்டு அதன்முன் உட்கார்ந்தார். யாராவது என்னவென்று கேட்பார்கள் என்றுதான் நினைத்தார். இட்லி வாளியோடு வந்த செல்லக்கிளி, பழக்கத்தில், தட்டை மட்டும் பார்த்துவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். மதியமும் அப்படியே. சோறு, குழம்பு, மோர் எல்லாமே அவரைத் தாண்டிப் போயின. சுற்றிலும் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தான் செத்தது எப்போது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம், வந்த நாளிலிருந்து யாரோடும் பேசியிராத எதிர் நாற்காலி லோகாம்பாள், கையை நீட்டி அவர் தட்டை நிமிர்த்தினாள். தன் தட்டிலிருந்த உப்புமாவை அப்படியே அதில் தள்ளினாள்.

"சாப்பிடுங்க. ஆறிப்போனா தொண்டையில எறங்காது."

அவருக்குக் கண் கலங்கியது. "உங்களுக்கு வேணாமா?" என்றார்.

அவள் தன் காலித் தட்டை முந்தானையால் துடைத்துக் கவிழ்த்தாள். அவர் பதறிப்போய் அதை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. அவள் இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.