நகலில் மட்டும் இருந்தவர்

மருத்துவமனைக் கணினியில், அரைகுறையாக எடுத்த நகல் ஒன்று நோயாளி விவரங்களின் பழைய, நல்ல காப்பு நகலை அழித்துவிட்டது. டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பொறியாளர், இனி புது நகல் மூலத்தோடு ஒத்துப்போனால்தான் பழையதை நீக்கும்படி நிரலை மாற்றினாள். அதன்பிறகு எந்த நகலும் தேறவில்லை. ஒவ்வொன்றிலும் மூலத்தில் இல்லாத ஒரு நோயாளி இருந்தார்.

“உயிரை வாங்குதுக்கா. பேரே இல்லை. கடைசி அறை, ஜன்னலோரக் கட்டில்னு மட்டும் வருது,” என்று தலைமை நர்ஸிடம் புலம்பினாள்.

“அதைப் பூட்டி மாசக்கணக்காச்சேம்மா.”

இருவரும் போய்த் திறந்தார்கள். மற்ற கட்டில்களிலெல்லாம் தூசி. ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் விரிப்பு கசங்கி, தலையணை நடுவில் குழிந்திருந்தது. நர்ஸ் தொட்டுப் பார்த்தார்.

“சூடா இருக்கும்மா.”

“அப்போ நகல்தான்கா சரி,” என்றாள் பொறியாளர்.