கரையிலிருக்கும் வீட்டை அகற்றவும்

தாழைக்கோழி இன்றைக்கும் வரவில்லை என்று தபீதாள் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தால் என் மனைவிக்கு இந்த விளையாட்டுதான். ஒரு ஏரி கொடுப்பார்கள். அதில் சரியான செடியை நட்டால் சரியான உயிர் வந்து சேரும். கோரை நட்டாள், தவளை வந்தது. அல்லி விட்டாள், தட்டான் வந்தது. சம்புப் புல்லை மூன்று வரிசை நட்டும் அந்தத் தாழைக்கோழிப் பறவை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

காரணத்தை விளையாட்டே எழுதிக் காட்டியது. கரையிலிருக்கும் வீட்டை அகற்றவும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அந்த வீட்டை வைத்தவளே அவள்தான். நீலக் கேட், மாடியில் கறுப்புத் தொட்டி, ஒற்றைத் தென்னை. பெயர் கேட்டதாம், எபெனேசர் என்று கொடுத்திருக்கிறாள். மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு முகப்புக் கல்லில் இருக்கிற அதே பெயர்.

வீடு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். விளையாட்டோட விதி அப்படி என்றாள்.

என்ன பெரிய விதி? நாங்கள் மனை பார்த்தது ஒரு மே மாதம். பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏரி என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. பத்திரம் பதிந்தார்கள், கரண்ட் கொடுத்தார்கள், பதினான்கு வருடமாக வரி வாங்குகிறார்கள். போதகர் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த வீடு.

அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவர்கள், போன வியாழக்கிழமை கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பாம். காலி செய்யாவிட்டால் இடிப்பார்களாம். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த நான் ஆக்கிரமிப்பாளனாம்.

அவள் வருவதற்குள் அதைக் கிழித்தெடுத்து, வரி ரசீது ஃபைலுக்குள் செருகிவிட்டேன். அவளுக்கு ரத்தக் கொதிப்பு. வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

குடிவந்த முதல் மழைக்காலத்தில் ஒரு தாழைக்கோழி எங்கள் காம்பவுண்டுச் சுவரில் வந்து நின்றது. தபீதாள் வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள். நான்தான் துடைப்பத்தால் விரட்டினேன். மறுநாள் ஆள் வைத்துப் பக்கத்து மனையில் இருந்த சம்பையும் வெட்டினேன், கொசு வருகிறதென்று.

"அந்தக் கோழிய வேற எங்கயாவது போகச் சொல்லு. நம்ம வூட்டு மேல மட்டும் கைய வெக்காத" என்றேன்.

அவள் வீட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

கேட், தொட்டி, தென்னை எல்லாம் ஒரே நொடியில் போயின. சத்தம்கூட இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் வந்து நின்றது.

யாரைக் கேட்டு எடுத்தாய், திரும்ப வை என்று கத்தினேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"நோட்டீஸ்ல இருபத்தோரு நாள்னு போட்டிருக்குங்க. இன்னியோட ஆறு நாள் போயிடுச்சு."

சம்பு அசைந்தது. சிவந்த மூக்கும் நீல உடம்புமாகத் தாழைக்கோழி வெளியே வந்தது. எங்கள் சமையலறை இருந்த இடத்தில் நின்று, அவசரமே இல்லாமல் கூடு கட்ட ஆரம்பித்தது.