பக்கத்துப் பாத்தி

"உங்க மூஞ்சிய எதுக்குக் காட்றீங்க? போனைக் கீழ இறக்குங்க. செடியைக் காட்டுங்க."

வேலூர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஞானசுந்தரி அதட்டினாள். ஆம்பூரில், ஓடைக்கரைத் தோட்டத்தில் நின்றிருந்த அவள் கணவர் இன்பராஜ் சட்டென்று போனைத் தாழ்த்தினார். செழித்து நின்ற கத்தரியும் வெண்டையும் திரையில் தெரிந்தன.

"நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு அவ்ளோ மழையாமே, ஓடைத் தண்ணி உள்ள வரலையா?"

"வந்துச்சு. ஓரமா வந்துட்டு அப்படியே போய்டுச்சு."

சுத்தப் பொய். தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துப் போட்ட தோட்டம் அது. முந்தாநாள் வந்த வெள்ளத்தில், ஓடையை ஒட்டியிருந்த ஞானசுந்தரியின் பாத்தி வேரோடு போய்விட்டது. மணலும் பிளாஸ்டிக் குப்பையும்தான் மிச்சம்.

அவர் காட்டியது, மேட்டில் இருந்த மஹ்பூபியின் பாத்தியை. இரண்டு பேரும் ஒரே நாற்றைப் பிரித்து நட்டவர்கள் என்பதால் போனில் வித்தியாசம் தெரியாது. மஹ்பூபியும் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகத் திருப்பத்தூர் போயிருந்தாள்.

அவரும் என்ன செய்வார்? ஞானசுந்தரிக்கு இதய வால்வு ஆபரேஷன். துணைக்கு இருந்த அவள் தங்கை கிறிஸ்டினா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "மாமா, அக்கா மனசு கஷ்டப்படற மாதிரி எதையும் சொல்லிடாதீங்க. டாக்டர் ஆர்டர்."

"ஏங்க, அந்த மூலையில இன்னா அவ்ளோ கோரை?" ஞானசுந்தரி விடவில்லை.

"அதுவா... இன்னிக்குப் பிடுங்கிடறேன்."

"பிடுங்கிட்டு நாளைக்குக் காட்டுங்க."

இன்பராஜ் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து லைட்டைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தார். சோறு இறங்கவில்லை. டீயும் பன்னும்தான்.

இப்போது உட்கார நேரமில்லை. பொய் சொன்னாயிற்று, காப்பாற்ற வேண்டுமே!

"வரப்பு கரைஞ்சிருக்கே?" என்றாள் ஒருநாள். வரப்பு கட்டினார். "இலைக்கு அடியில பூச்சி பாருங்க." வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தார்.

"வெண்டை முத்துது. பறிச்சு மஹ்பூபி வீட்ல கொடுங்க. அவ இல்லாம அவ வீட்டுக்காரர் பேஜாரா இருப்பாரு."

உரியவர்கள் வீட்டுக்கே போகிறது என்று இன்பராஜுக்கு மனசு கொஞ்சம் லேசானது. மஹ்பூபியின் கணவர் ஜியாவுல்லா காயை வாங்கிக்கொண்டு ஆளை விடவில்லை.

"உட்காருங்கண்ணே. குஸ்கா ஜாஸ்தி பண்ணிட்டேன். சாப்பிட்டுத்தான் போகணும்."

மண்ணை வெட்டிய பசி. இன்பராஜ் மறுக்காமல் சாப்பிட்டார். மறுநாள் சாம்பார் ஜாஸ்தி ஆகிவிட்டது. அதற்கடுத்த நாள் ரசம்.

ஆபரேஷன் அன்று வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபித்தபடியே நடந்துகொண்டிருந்தார் இன்பராஜ். எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவரை உள்ளே விட்டார்கள். ஞானசுந்தரி அவர் கையைப் பிடித்து, காய்த்துப்போயிருந்த உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"செடிக்குத் தண்ணி விட்டுட்டுத்தானே வந்தீங்க?"

இன்பராஜ் அழுதுவிட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, கார் ஆம்பூருக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள். "வீட்டுக்கு அப்புறம் போலாம். முதல்ல தோட்டம்."

நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். தோட்டத்து வாசலில் கார் நின்றதும் இன்பராஜ் முதலில் இறங்கி, அவள் பக்கத்துக் கதவை மறித்து நின்றார்.

"சுந்தரி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் வந்து..."

"அண்ணே!" தோட்டத்துக்குள்ளிருந்து மஹ்பூபி வேகமாக வந்தாள். முதல் நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். "நானே இருந்தாக்கூட என் பாத்திய இவ்ளோ அழகா வெச்சிருக்க மாட்டேண்ணே! நீங்க பார்த்துக்கிட்டதாலதான் பொண்ணு கூட நிம்மதியா இருந்துட்டு வந்தேன்."

இன்பராஜ் திருதிருவென்று விழித்தார். "நான் பார்த்துக்கறேன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"அக்காதான். உங்க பாத்திய வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னதுமே அக்காவுக்கு போன் போட்டு அழுதுட்டேன். அடுத்த நாள் அக்காவே கூப்பிட்டாங்க. 'எனக்கு விஷயம் தெரியாதுன்னு நெனச்சு, மனுஷன் உன் பாத்தியக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. அப்படியே இருக்கட்டும், வேலைய நான் வாங்கிக்கறேன். மத்தியானம் அவருக்கு ஒரு வாய் சோறு போடச் சொல்லி உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு'ன்னாங்க."

இன்பராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு நான் பயப்படலைங்க" என்றாள் ஞானசுந்தரி, அவர் தோளைப் பற்றிக் காரிலிருந்து இறங்கியபடி. "நீங்க சாப்பிடாம கொள்ளாம இருட்டுல உட்கார்ந்திருப்பீங்களேன்னுதான் பயந்தேன்."