சாட்சிக்கு வந்த கடல் காக்கா

"மனுசன் சாட்சியே வேணாம் தலைவரே. என் கடல் காக்காவைக் கேளுங்க!"

பிரபாகரன் இப்படிச் சொன்னதும் குப்பத்துக் கூட்டமே சிரித்தது. ராபர்ட்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எப்படி வரும்? ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. திங்கட்கிழமை அவனுடைய பாடு. அவன் போய்ச் சேர்வதற்குள் யாரோ இறாலை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். தூரத்தில் ஒரு நீலப் படகு மறைந்ததைத்தான் பார்த்தான்.

"அது இவன் போட்டுதான் தலைவரே!"

"குப்பத்துல பாதிப் போட்டு நீலந்தான்டா" என்றார் ஊர்த் தலைவர் தசரதன். "ஆனா பிரபா, நீதான்னு ஆச்சுன்னா ஒரு வருசத்துக்கு உனக்குப் பாடு கிடையாது. வயித்துக்கு இன்னா பண்ணுவே?"

"அதுக்குத்தான் சொல்றேன். நான் போட்டை எடுத்தா அந்தக் காக்கா பின்னாலயே வந்துடும். ஊருக்கே தெரியும். அது முதுகுல மிஷினு இருக்கு. திங்கக்கிழமை அது எங்க இருந்துச்சுன்னு மேடத்தைக் கேளுங்க."

அதென்னவோ நிஜம். பொடி மீனாக வீசி வீசிப் பழக்கி வைத்திருந்தான். "எனக்குச் சக்களத்தி" என்று அவன் மனைவி லோகநாயகி கூடக் கிண்டல் செய்வாள்.

மேடம் என்றால் ஜெபசெல்வி. பறவைகள் வலசை போகும் வழியை வரைபடமாக்குகிறவர். போன வருடம் இதே கரையில் அந்தப் பறவையைப் பிடித்து, முதுகில் கருவி மாட்டிவிட்டவர். செல்போனைத் தலைவரிடம் நீட்டினார்.

"இந்தச் சிவப்புக் கோடுதான் அது போன வழி. இமயமலையைத் தாண்டி லடாக் ஏரிக்குப் போயிருக்கு. அங்க குஞ்சு பொரிச்சுட்டு, மறுபடி நம்ம ஏரிக்கே வந்திருக்கு."

"அடேங்கப்பா!" தலைவர் பஞ்சாயத்தையே மறந்துவிட்டார். "நான் மீஞ்சூர் போய்ட்டு வந்தாலே ரெண்டு நாள் படுக்கை. இத்தினியூண்டு இருந்துக்கினு இமயமலையா!"

ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். நாடு முழுக்கப் பறந்துவிட்டு, வழி கேட்காமல் இதே குப்பத்துக்குத் திரும்பி வருகிற ஜீவனை என்னவென்று சொல்வது? கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

"திங்கக்கிழமை, மேடம்…" பொறுக்க முடியாமல் இழுத்தான் ராபர்ட்.

ஜெபசெல்வி படத்தைப் பெரிதாக்கினார். "காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் இந்தக் கரையிலயேதான் இருந்திருக்கு. ஏரிக்குள்ள போகவே இல்ல."

ராபர்ட்டின் முகம் தொங்கிப்போயிற்று. பிரபாகரனின் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பா நெனைச்சுட்டேண்ணா. மனசுல வெச்சுக்காதே."

"இமயமலையைத் தாண்டி வந்த பறவை பொய் சொல்லுமா?" என்று தலைவர் தீர்ப்பை முடித்தார். "பிரபா பாடு பிரபாவுக்கே!"

வீட்டுக்கு வந்த பிரபாகரன் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினான். உள்ளே லோகநாயகி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா ராபர்ட் இறால்ல கை வெச்சே, நான் வர மாட்டேன்யா! அந்தக் காக்கா உன் போட்டு பின்னால பறந்துடாம, பொழுதன்னைக்கும் கரையில உக்காந்து மீனை வீசி வீசி எனக்குக் கையே போச்சு!"