மூன்றாவது தேற்றம்

“எனி கொஸ்டின்ஸ்?” என்று அமர்வுக்குத் தலைமை வகித்த அம்மாள் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையில் எவாஞ்சலின் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசி முடித்தாயிற்று.

கணிதக் கருத்தரங்கில் கேள்வி நேரம் என்பது, சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்துவிட்டு, தடை ஏதும் உண்டா என்று போதகர் கேட்பது மாதிரி. கேட்பது முறை. யாரும் எழுந்திருக்காமல் இருப்பதும் முறை.

அதிலும் மண்ணூர்ப் பக்கத்து இந்தக் கல்லூரியில் யார் எழுந்திருப்பார்கள்? மாணவர்கள் அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார்கள் சான்றிதழுக்காக. பின்வரிசையெல்லாம் நீலச் சட்டைகள். ஹால் காலியாகத் தெரியக்கூடாது என்று, ஒரகடத்துக் கம்பெனியே நைட் ஷிப்ட் முடித்தவர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தது. ஏசி நன்றாக வேலை செய்ததால் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் அந்தக் கம்பெனியின் மேலாளர் சுபாஷ். பக்கத்தில் எவாஞ்சலினுடைய பிஎச்.டி. கைடு, பேராசிரியர் நாகப்பன். இரண்டு பேர் முகத்திலும் பந்தியில் முதல் இலை கிடைத்த திருப்தி.

இருக்காதா பின்னே? தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் ஆள் கை போனால், கருவி அதைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்த வேண்டும். கண்டுபிடிப்பதற்கும் நிற்பதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் தாமதம். அது இந்த அளவைத் தாண்டவே தாண்டாது என்று எவாஞ்சலின் கணக்குப் போட்டு நிரூபித்திருந்தாள். அதை நம்பித்தான் வருகிற திங்கட்கிழமை முதல் பிரஸ்ஸை இன்னும் வேகமாக ஓட்டப்போகிறார்கள்.

நிரூபணத்தில் ஓட்டை இருந்தது.

போன வாரம் அவளே கண்டுபிடித்தாள். கருவியின் சிக்னல் வந்து சேரும் தாமதம் எப்போதும் ஒரே அளவு, மாறாது என்று வைத்துக்கொண்டால்தான் அவளுடைய மூன்றாவது தேற்றம் நிற்கும். நிஜ மெஷினில் அது மாறும். விழுந்தடித்துக்கொண்டு ஓடி நாகப்பனிடம் சொன்னாள்.

“இப்ப வாயத் தெறக்காதம்மா. எவன் கேக்கப்போறான்? அடுத்த பேப்பர்ல சரி பண்ணிக்கலாம். உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தானே?”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தானாகச் சொன்னால் இத்தனை வருஷ உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் ஒருவன் கை போச்சு. யாராவது கேட்டுவிட்டால் மட்டும்தான் தப்ப முடியும். சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று நாகப்பனாலும் சொல்ல முடியாது.

கேளுங்களேன், பாவிகளா என்று மனசுக்குள் கத்தினாள்.

தலைமை அம்மாள் சால்வையைக் கையில் எடுத்துவிட்டார். “கேள்வி எதுவும் இல்லைன்னா...”

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் எழுந்து நின்றான். தூக்கமில்லாத கண், கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தது. பாத்ரூமுக்குப் போகிறான் போலும் என்று பக்கத்தில் இருந்தவன் காலை மடக்கி வழிவிட்டான். அவன் போகவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“மேடம், உங்க மூணாவது தியரத்துல டிலே மாறாதுன்னு எடுத்துக்கினு கீறீங்க. அது டைமோட மாறுச்சுன்னா, தியரம் நிக்குமா?”

தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். நாகப்பன் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் திரும்பினார். சுபாஷ் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

“கொஞ்சம் விளக்கமா கேளுங்க,” என்றார் தலைமை அம்மாள்.

“அவ்ளோதான் மேடம்,” என்று அவன் பட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

எவாஞ்சலின் கைடு பக்கமே பார்க்கவில்லை.

“நிக்காது,” என்றாள்.

அந்த ஒரு சொல் மைக்கில் தேவைக்கு மேலேயே சத்தமாகக் கேட்டது. ஏன் நிற்காது என்று போர்டில் எழுதிக் காட்டினாள்.

சுபாஷ் நாகப்பன் பக்கம் சாய்ந்தார். “அப்ப திங்கக்கிழமை ஸ்பீடு ஏத்த வேணாம் சார். பழைய ஸ்பீடே ஓடட்டும்.”

சாப்பாட்டு வரிசையில் நாகப்பன் அவளைப் பிடித்துக்கொண்டார். முகம் கடுகடுவென்றிருந்தது.

“யாரும்மா அந்த ஆளு? உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

பைபிளை நீட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

“இந்த வருஷம் தீசிஸ் கொண்டுவராத,” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே பசியும் வந்தது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த பசி. தட்டில் பிரியாணியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு நீலச் சட்டை வந்து நின்றது. அவளைப் பார்க்காமல், தயிர்ப் பச்சடியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசியது.

“நடுவுல ஒரு வார்த்தைய வுட்டுட்டேன், எவா. நம்ம வூட்ல ஒப்பிக்கசொல்லோ கரீட்டாதான் வந்துச்சு. பரவால்லியா?”

அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பரவால்ல. சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. திங்கக்கிழமை அந்த பிரஸ்ல உங்களுக்குத்தானே ட்யூட்டி.”