நாலு நிமிடப் பட்டை

வேண்டாவை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன்.

எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையோடுதான் மூன்று மாதமாக என் மென்பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிற, இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி அது. தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டு, அதில் எத்தனை குஞ்சு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் தொட்டி முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். பதினொரு வருடமாக வேண்டா அதைக் கண்ணால் பார்த்தே எண்ணிவந்தாள். உதடு அசைய அசைய. பார்க்கச் சகிக்காது.

நான் ஜாவாவில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். கிண்ணத்தைப் படம் எடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டர் எண்ணிவிடும்.

முதல் நாளே பஞ்சாயத்து. எண்ணத் தொடங்கியதும் திரை உறைந்துவிடுகிறதாம். உறையத்தான் செய்யும். எண்ணுகிற வேலையும் திரையை வரைகிற வேலையும் ஒரே த்ரெட்டில், ஒரே வரிசையில் இருந்தன. ஒன்று முடிந்தால்தான் மற்றது நடக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் எண் வந்திருக்கும். இந்த அம்மாள் பொத்தானை ஒன்பது தடவை குத்திவிட்டு, மிஷின் செத்துப்போச்சு என்று ஊரைக் கூட்டினாள்.

இந்த மாதிரி ஆட்களுக்குக் கண் முன்னால் ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எண்ணுகிற வேலையைத் திரைக்குப் பின்னால் வேறொரு த்ரெட்டுக்குத் தள்ளினேன். திரையில் ஒரு பச்சைப் பட்டை வைத்தேன். பட்டைக்கும் எண்ணிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்து ஓடி, நான்கு நிமிடத்தில் நூறைத் தொட்டுவிடும். குழந்தைக்குக் கிலுகிலுப்பை மாதிரி. இவளுக்கு அது போதும்.

அதோடு புகார் நின்றது.

பட்டைக்குக் கீழே எண்ணுக்கென்று ஒரு கட்டம். அதில் விழுகிற எண், செங்கல்பட்டில் இருக்கிற எனக்கு மெயிலில் வந்துவிடும். 388. 412. 397. மூன்று மாதத்தில் குஞ்சு வாங்கிப்போன ஒருவர்கூடக் குறைகிறது என்று திரும்பி வரவில்லை. இதற்குமேல் இவள் எதற்கு என்று முதலாளி நூர்முகமது பாயிடம் நானே கேட்டேன். நேரில் வந்து ஒருதடவை ஓட்டிக் காட்டு, நிறுத்திவிடலாம் என்றார்.

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

படம் எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். பட்டை அழகாக ஓடியது. பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

நூறு.

எண் வரவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

மறுபடி அழுத்தினேன். மறுபடி நான்கு நிமிடம். மறுபடி காலி.

மென்பொருள் தன் வேலையைக் குறித்துவைக்கிற லாக் கோப்பைத் திறந்தேன். எண்ணத் தொடங்கியது என்று தினமும் வரி வரியாக இருந்தது. எண்ணி முடிந்தது என்று மூன்று மாதத்தில் ஒரு வரிகூட இல்லை.

என் லேப்டாப்பில் ஓடியது இங்கே ஓடவில்லை. இந்தப் பழைய கம்ப்யூட்டரில் மெமரி போதாமல் எண்ணுகிற த்ரெட் பாதியிலேயே செத்துக்கொண்டிருந்தது. செத்தால் திரைக்குத் தெரிவிக்க ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இவர்களுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டிருந்தேன்.

நம்பர் எங்கே என்று பாய் கேட்டார்.

வேண்டாதான் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் எண்ணவே இல்லியே சார். பட்டை ஓடி முடியறதுக்குள்ள எண்ணி, அந்தக் கட்டத்துல அடிக்கணும்னுதானே வெச்சிகீறீங்க? ஒரு நாளாவது லேட் பண்ணிகீறேனா? அப்புறம் இன்னாத்துக்கு சார் என்னை நிறுத்தறீங்க?"